எந்த மருத்துவக் காப்பீடு நமக்கு ஏற்றது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவக் காப்பீடு எடுக்க முனையும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பவை இரண்டு எண்கள்: ஆண்டுக்குக் கட்டவேண்டிய பிரீமியம், பாலிசி தரும் காப்பீட்டுத் தொகை. இரண்டும் தேவையானவைதாம். ஆனால், மருத்துவமனையின் பில் கைக்கு வரும் நாளில் நாம் கட்டவேண்டியது எவ்வளவு என்பதை முடிவுசெய்பவை, பாலிசிப் பத்திரத்தின் உள்பக்கங்களில் இருக்கும் வேறு சில விதிகள். திட்டங்களை அந்த விதிகளைக் கொண்டு ஒப்பிடுவது எப்படி என்பதே இன்றைய உரை.

காப்பீடுகளில் அடிப்படையான பிரிவு ஒன்று உண்டு. ஆன செலவை பில்லின்படி ஈடுகட்டுவது ஒரு வகை. புற்றுநோய், மாரடைப்பு போன்ற குறிப்பிட்ட நோய் உறுதியானதும், செலவு எவ்வளவு ஆனாலும் ஒரே தொகையாகக் கொடுத்துவிடுவது இன்னொரு வகை. இரண்டாம் வகைப் பணத்தை, வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வீட்டுச் செலவுக்கும் பயன்படுத்தலாம் என்பது அதன் பெரிய பலம். எனினும், பட்டியலில் இல்லாத நோய்க்கு அது எதுவும் தராது என்பதால், முதலில் எடுக்கவேண்டியது செலவை ஈடுகட்டும் பாலிசியே என்பது என் கருத்து.

அந்த வகைக்குள் நுழைந்ததும் கவனிக்கவேண்டியது, செலவில் நம் பங்கு எவ்வளவு என்பது. எளிமைக்காகப் பணத்தை அலகுகளில் சொல்கிறேன். ஒரு திட்டத்தில், ஆண்டின் முதல் 10 அலகுச் செலவை நாமே ஏற்கவேண்டும் என்றும், அதற்கு மேற்பட்டதில் 20 விழுக்காடு நம்முடையது என்றும் விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் சொன்னதை டிடக்டிபிள் என்றும், அடுத்ததைக் கோ-பே என்றும் முகவர்கள் சொல்வார்கள். பில் 100 அலகு என்றால் நம் பங்கு 10, மீதமுள்ள 90-இல் ஐந்தில் ஒரு பங்கான 18, ஆக மொத்தம் 28. பில் 1,000 அலகாகப் பெருகினால் நம் பங்கும் 208 ஆகிவிடுகிறது. இதே விதிகளுடன், ‘ஓர் ஆண்டில் உங்கள் பங்கு 40 அலகைத் தாண்டாது’ என்ற உச்சவரம்பும் இருக்கும் திட்டத்தில், அதே பெரிய பில்லுக்கு நாம் கட்டுவது 40 மட்டுமே. பிரீமியத்தில் சிறு வேறுபாடே உள்ள இரு திட்டங்களுக்கு நடுவே இத்தனை இடைவெளி இருக்கக்கூடும் என்பதால், உச்சவரம்பு உண்டா என்ற கேள்வியை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன்.

நம் பங்கு கூடினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970-களில் தொடங்கி 1982 வரை பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. சில குடும்பங்களுக்குச் சிகிச்சை முழுவதும் இலவசம். மற்றவை, ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, செலவில் வெவ்வேறு விழுக்காட்டை ஏற்றன. பணம் கட்டவேண்டியிருந்தவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். குறைத்தபோது தேவையில்லாத சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பெரும்பாலோரின் உடல்நலத்தை அது பாதிக்கவில்லை. ஆனால், வருமானம் குறைந்த, இரத்த அழுத்தம் மிகுந்தவர்களிடம் இலவசத் திட்டமே அழுத்தத்தை நன்றாகக் கட்டுக்குள் வைத்தது. ஆகவே, நல்ல சேமிப்பும் நல்ல உடல்நலமும் உள்ளவர் டிடக்டிபிள் அதிகமான மலிவான திட்டத்தை எடுப்பதில் தவறில்லை. மாதந்தோறும் மாத்திரை வாங்கும் ஒருவர் அதையே எடுத்தால், பணத்தை நினைத்து பரிசோதனைகளைத் தள்ளிப்போடும் அபாயம் உண்மையானது.

ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவை மட்டும் ஏற்கும் டாப்-அப் பாலிசிகளிலும் ஒரு சொற்றொடர் எல்லாவற்றையும் மாற்றிவிடும். 5 அலகுக்கு மேற்பட்ட செலவைத் தருவதாக ஒரு டாப்-அப் சொல்கிறது. அவ்வாண்டில் இருமுறை மருத்துவமனையில் சேர்ந்து ஒவ்வொரு முறையும் 4 அலகு செலவாகிறது. வரம்பை ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனியே கணக்கிடும் பாலிசி எதுவும் தராது. ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கணக்கிடும் பாலிசி, 8-இல் 5 போக 3 அலகைத் தந்துவிடும்.

அறை வாடகை வரம்பும் இத்தகையதே. சில பாலிசிகளில், அனுமதித்ததைப்போல் இரு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்தால், வாடகை வித்தியாசத்தோடு கணக்கு முடிந்துவிடாது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியே கிடைக்கும். பணம் தர மறுத்துவிட்டார்கள் என்று குடும்பங்கள் வருந்தும்போது, அதன் பின்னால் இந்த விதி இருப்பதுண்டு. அதை முன்கூட்டியே உரக்கச் சொல்லாத விற்பனை முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகையைப் பொதுவாக வைக்கும் ஃப்ளோட்டர் பாலிசி, இளம் தம்பதிக்கும் குழந்தைகளுக்கும் பொருந்தும். வயதான பெற்றோரையும் அதில் சேர்த்தால் இரண்டு சிக்கல்கள் வரலாம்: பொதுவாக மூத்தவரின் வயதைக் கொண்டே பிரீமியம் உயரும், ஒருவரின் நீண்ட சிகிச்சையில் அவ்வாண்டுத் தொகை தீர்ந்து, மற்றவர்களுக்கு மிஞ்சாமலும் போகும். பெற்றோருக்குத் தனி பாலிசி எடுப்பதே நல்லது. அலுவலகம் தரும் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும் என்பதால், அதை மட்டும் நம்பி இருப்பது சரியாகாது.

காப்பீட்டு நிறுவனத்தோடு கட்டண ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியலை, அதன் நீளத்தை வைத்து மதிப்பிடவேண்டாம். அவசரத்தில் நீங்கள் போகக்கூடிய மருத்துவமனையும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரும் அதில் உண்டா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பட்டியலுக்கு வெளியே சிகிச்சை பெற்றால் பணம் கிடைக்குமா, நாமே கட்டிவிட்டுப் பின்னர் கேட்டுப் பெறவேண்டுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை எதையும் மறைக்கவேண்டாம். சொன்னால் பிரீமியம் கூடலாம், அந்த நோய்க்கான செலவை ஏற்காத காத்திருப்புக் காலமும் வரலாம். மறைத்தது பின்னர் தெரியவந்தால் சிகிச்சைப் பணத்துக்கான கோரிக்கையே, அதாவது க்ளைமே, மறுக்கப்படலாம். திட்டத்தை மாற்றுகிறவர்கள், பழைய பாலிசியில் கழித்த காத்திருப்புக் காலம் புதியதில் கணக்கில் சேருமா என்று கேட்டு, புதிய பாலிசி நடைமுறைக்கு வரும் தேதியை எழுத்தில் பெற்ற பிறகே பழையதை விடுவது நல்லது. நடுவே ஒரு வாரம் இடைவெளி விழுந்து, அந்த வாரத்தில் ஒரு விபத்து நேர்ந்தால், அந்தச் செலவை இரண்டு பாலிசிகளுமே ஏற்காது.

நன்றி, வணக்கம்.