பெயரில்லாமல் வந்து சேரும் செய்தி

நேயர்களுக்கு வணக்கம். இளைஞர்கள் செய்தியே படிப்பதில்லை என்று பெரியவர்கள் அங்கலாய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் செய்தியைத் தேடிப் போவதில்லை என்பது மட்டும் உண்மை. கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே போகையில், நண்பரின் பிறந்தநாள் படத்துக்கும் நகைச்சுவைத் துணுக்குக்கும் நடுவே அது தானாக வந்து சேர்கிறது. ஆனால், திரட்டியவரின் பெயரைத் தொலைத்துவிட்டு வருகிறது.

ஒரு நகராட்சிக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். கூட்டம் முடியும்வரை அமர்ந்து குறிப்பெடுத்து, தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அதிகாரியிடமும் பாதிக்கப்படுவோரிடமும் பேசி, உதவி ஆசிரியரின் குறுக்குக் கேள்விகளுக்கும் பதில் சொல்லி ஒரு செய்தியாளர் எழுதியதை, மறுநாள் வேறொருவர் தம் அறையில் இருந்தபடியே ஒரு நிமிடக் காணொளியாகச் சொல்லிவிடுகிறார். அதில் பிழை இல்லாமலும் இருக்கலாம். சுருக்கத்தைக் குறை சொல்ல, ஐந்து நிமிடத்தில் உலகச் செய்தியை முடித்துவிடும் வானொலியில் பேசும் எனக்கு உரிமையும் இல்லை. ஆயினும், பார்வையாளர் காணொளிக்காரருக்கும் விளம்பரப் பணம் சமூக ஊடகத் தளத்துக்கும் போக, செய்தி திரட்டிய செலவு மட்டும் இதழின் கணக்கில் நிற்கிறது.

இதைச் சட்டத்தால் சரிசெய்ய முயன்ற நாடுகளுள் கனடாவும் ஒன்று. செய்திக்காகத் தளங்கள் ஊடக நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று 2023இல் அங்கே சட்டம் வந்தது. மெட்டா நிறுவனமோ, பணம் தருவதற்குப் பதிலாக, அந்நாட்டில் தன் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே தடுத்துவிட்டது.

பெயர் தொலைவதில் பணத்தைவிடப் பெரிய இழப்பும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் தகவல் சரிபார்ப்பாளர்களும் இணையப் பக்கங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். முன்னிருவரும் அந்தப் பக்கத்திலேயே தங்கிப் பலமுறை ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்களோ உடனே வெளியேறி, அதை நடத்துபவர் யார் என்று பிற இடங்களில் தேடினர். இளைஞர்கள் எளிதில் கற்றுக்கொள்ளக்கூடிய பழக்கம்தான் இது. ஆனால் மூலத்தின் பெயரே இல்லாத காணொளியில் எதைத் தேடுவது?

ஆகவே, அந்த ஒரு நிமிடத்தைச் செய்தியாளரே பேச வேண்டும் என்பேன்: தீர்மான நகலைக் கையில் காட்டி, யாரிடம் கேட்டேன், யார் பதில் தர மறுத்தார் என்று சொல்ல வேண்டும். இதனால் மட்டும் செய்தியறையில் சம்பளம் போட்டுவிட முடியாதுதான். ஆனால் சந்தா கேட்கும் நாளில், முகமும் பெயரும் தெரிந்த செய்தியாளருக்காகப் பணம் கட்ட ஒருவர் முன்வரலாம். பெயரே கேள்விப்படாத இதழுக்கு எதற்காகக் கட்டுவார்? நன்றி, வணக்கம்.