மறுத்த விசாவும் திரும்பாத பணமும்

(நுகர்வோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, இன்னொரு நிகழ்ச்சி இருந்தும் நமக்காக அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு ஒதுக்கிய நேரத்தையும் சேர்த்து அருமையாகப் பேசிய பேராசிரியர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கித் தம்பி உள்பட அனைவருக்கும் வணக்கம்.

சுற்றுலா விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது? மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். மறுப்புக் கடிதத்தைப் படிப்பது ஒன்று. மேல்முறையீடா, புது விண்ணப்பமா என்று தீர்மானிப்பது இரண்டு. விசா கேட்காத நாடுகள் மூன்று. அதற்குமுன் ஒரு பழமொழி: பதறாத காரியம் சிதறாது. இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்குச் சுவிட்சர்லாந்து பார்க்க ஆசை. பனிமலையில் மதினியோடு நின்று ஒரு போட்டோ எடுக்கவேண்டும், அவ்வளவுதான். ஏஜென்ட் ஒருவர், “கணக்குல கனமா காட்டணும் அண்ணாச்சி” என்றார். இவரும் மச்சானிடம் எட்டு லட்சம் கைமாற்று வாங்கி, விண்ணப்பிக்கிற வாரத்தில் வங்கியில் போட்டார். அதுவரை அந்தக் கணக்கில் நாலாயிரம் தங்கியதில்லை. கடை வியாபாரம் முழுக்க ரொக்கம். பாஸ்போர்ட் திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதம். அண்ணாச்சி அதைப் பிரிக்கவே இல்லை. “போட்டோவுல மீசை முரட்டுத்தனமா இருக்கு, அதான்” என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்த்த மீசை! அன்று சாயங்காலமே சலூனில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் அவரிடமே, “அண்ணாச்சி இல்லையா?” என்று கேட்டார்கள். புதுப் போட்டோ, புதுக் கட்டணம், அதே பழைய காகிதங்கள். மறுபடியும் மறுப்பு. மதினி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்கள்: “காசும் போச்சு, மீசையும் போச்சு!”

அப்புறம்தான் மகள் கடிதத்தை எடுத்துப் படித்தாள். இரண்டு கட்டங்களில் குறி போட்டிருந்தது. கொடுத்த தகவல் நம்பும்படி இல்லை. ஊர் திரும்புவார் என்பதில் ஐயம். மீசையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பெண் அப்பாவை ஆறு மாதம் பொறுக்க வைத்தாள். கடை வரவை வங்கி வழியாக நடத்தினார்கள். வருமானவரிக் கணக்கு, அவர் இல்லாத நாளில் கடையை யார் பார்ப்பார் என்ற விவரம், எந்த நாள் எந்த ஊர் என்ற திட்டம், எல்லாம் வைத்தார்கள். முந்தைய மறுப்புகளையும் முகப்புக் கடிதத்தில் ஒளிக்காமல் சொன்னார்கள். விசா வந்தது. அதற்குள் மீசையும் வளர்ந்திருந்தது. பதறாத காரியம் சிதறாது!

ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய சுவிட்சர்லாந்து, ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகள், மறுத்தால் காரணத்தைக் கட்டங்களில் குறித்துத் தந்தாகவேண்டும். மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது மறுத்த நாட்டைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்துக்கு 30 நாள். ஜெர்மனியோ தூதரகத்திடமே ஆட்சேபம் எழுதும் வழியை 2025 ஜூலையில் எடுத்துவிட்டது. அங்கே இனி நீதிமன்றம், இல்லையென்றால் புது விண்ணப்பம். முன்பு ஒருமுறை மறுத்தோம் என்பதற்காக மட்டும் புது விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று ஷெங்கன் விசா சட்டமே சொல்கிறது. அமெரிக்கச் சுற்றுலா விசாவை அவர்கள் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவில், அதாவது ஊர் திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை வரவில்லை என்று, மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. உங்கள் நிலைமை மாறியபிறகு மறுபடியும் 185 டாலர் கட்டிப் போகலாம். பிரிட்டனுக்குப் பொய் ஆவணம் கொடுத்து மாட்டினால் பத்து ஆண்டு வரை கதவு அடைபடும். ஆகவே அந்த எட்டு லட்ச வித்தை வேண்டாம்.

சரி, நான் உண்மையில் பேச வந்தது பணத்தைப் பற்றி. ஷெங்கன் கட்டணம் 2020இல் 60 யூரோவிலிருந்து 80 ஆனது, 2024 ஜூனில் 90 ஆனது. அந்த ஒரே ஆண்டில் இந்தியர்களுக்கு மறுக்கப்பட்டவை ஏறத்தாழ 1.65 லட்சம் விண்ணப்பங்கள். பெருக்கிப் பாருங்கள், நூறு கோடி ரூபாயைத் தாண்டும். ஒரு காசு திரும்பாது. பரிசீலிக்கச் செலவாகிறதே என்பார்கள். ஆகட்டும், அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரட்டும்! பாதியாவது தரட்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. விண்ணப்ப மையத்து ஜன்னலில் இருக்கும் பிள்ளைகளிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கட்டணம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கேட்கவேண்டிய நேரம் அதுதான். ஒரே கூட்டத்தில் நடந்துவிடுமா என்று செயலாளர் சிரிக்கிறார். பதறாத காரியம் சிதறாது ஐயா!

மூன்றாவது செய்தி... தலைவர் மணியடித்துவிட்டார். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து நம்மை விசா இல்லாமல் விடுகிறது, மொரீஷியஸும் கேட்பதில்லை. மற்றதை வெளியே டீ குடிக்கும்போது கேளுங்கள். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். மறுப்புக் கடிதம் வைத்திருப்பவர்கள் பாஸ்போர்ட் எண்ணை மறைத்து ஒரு நகல் கொடுங்கள். மனுவோடு இணைத்துப் புது தில்லியிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழுவுக்கு அனுப்பப்போகிறோம். நன்றி, வணக்கம்.