போகலூசா: ஆலையின் ஊரும் நான்கு தொழிலாளர்களும்

நண்பர்களே,

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி எல்லையை ஒட்டி, போகலூசா என்று ஓர் ஊர் இருக்கிறது. 1906-இல் கட்டுமான வேலை தொடங்கும்வரை அங்கே இருந்ததெல்லாம் பைன் காடு. பஃபலோ நகரத்துக் குட்இயர் குடும்பத்தாரின் கிரேட் சதர்ன் லம்பர் கம்பெனி அந்தக் காட்டை வளைத்து வாங்கியது. ரயில் பாதை, வீடுகள், பள்ளி, மருத்துவமனை எல்லாமே கம்பெனி கட்டியவை. 1908-இல் மர அறுவை ஆலை ஓடத் தொடங்கியது.

வெட்டிய மரங்களைக் குளத்தில் மிதக்கவிடுவார்கள். சங்கிலி அவற்றை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, சுழலும் பட்டை வாளிடம் கொண்டு சேர்க்கும். நாளொன்றுக்குப் பத்து லட்சம் பலகை அடி (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிமன் கொண்ட மரம் ஒரு பலகை அடி) அறுக்கும் திறன்! உலகிலேயே பெரிய ஆலை என்று கம்பெனி மார்தட்டிக்கொண்டது. அந்தப் பெருமையை இன்றும் எழுதுகிறார்கள். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று அந்த ஊரில் உண்டு என்பது என் கருத்து.

ஆலையின் பொது மேலாளர் சல்லிவன்; 1914-இல் ஊர் நகராட்சியானபோது மேயரும் அவரே. கூலி கொடுப்பவரும் சட்டம் காப்பவரும் ஒருவரானால் தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவான்? வெள்ளையருக்கு ஒரு பகுதி, கறுப்பினத்தவருக்கு வேறு பகுதி என்று குடியிருப்பையும் பிரித்துவைத்திருந்தார்கள். 1919-இல் தொழிற்சங்கம் வந்தபோது அந்தப் பிரிவினையைத் தாண்டி இரு தரப்பினரும் கைகோத்தார்கள்.

கறுப்பினத் தொழிலாளர்களின் தலைவர் சோல் டேகஸ். நவம்பர் 21 இரவு அவரைத் தேடி ஆயுதக் கும்பல் வீட்டைத் தாக்கியது. அவர் சதுப்பு நிலத்தில் ஒளிந்து உயிர் தப்பினார். மறுநாள் துப்பாக்கி ஏந்திய இரண்டு வெள்ளைத் தொழிலாளர்கள் அவருக்கு இருபுறமும் காவலாக, பட்டப்பகலில், ஊர்த் தெருவில் நடந்து வந்தார்கள். நிறவெறி கோலோச்சிய அமெரிக்கத் தென்மாநிலங்களில் இது எத்தனை பெரிய துணிவு! கம்பெனிக்கு ஆதரவான கும்பல், சங்கத் தலைவர் லெம் வில்லியம்ஸின் வாகனப் பட்டறைக்குப் பாய்ந்து வந்து சுட்டது. வில்லியம்ஸ், பூஷியான், கெய்ன்ஸ், ஓரூர்க் என நான்கு வெள்ளைத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆலையின் அளவைச் சொல்லுமிடமெல்லாம் இந்த நான்கு பெயர்களையும் சேர்த்தே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. வில்லியம்ஸின் மனைவி கம்பெனிமீது வழக்குத் தொடுத்தார். 1928-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கமே தீர்ப்பளித்தது. அதன் பிறகு பத்தே ஆண்டுகள்தான் அந்த ஆலை ஓடியது. அறுப்பதற்குப் பழைய காடு மிஞ்சவில்லை, 1938-இல் மூடிவிட்டார்கள்.