காதில் சொன்ன பேர் ஏட்டிலும் ஏறட்டும்

(தக்கலை பக்கத்துக் கிராமம் ஒன்றில், நூலக விழாவில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, திருப்பலி முடித்த கையோடு வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, அம்மன் கோயில் நிர்வாகப் பெரியவர்களே, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வீடு வீடாக நடக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் அம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். செவிலியர் அம்மாவைக் கடைசியில் சொன்னாலும், இன்றைய பேச்சுக்கு முதல் மரியாதை அவருக்குத்தான்.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கும் காரியத்தில் நாம் அப்படித்தான் நடக்கிறோம். இன்று மூன்று விஷயம் பேச எண்ணம்: மதச் சடங்குகள், மதம் சாராத பேர்சூட்டு, பேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதி.

நம் கல்குளம், விளவங்கோடு பக்கம் இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டி, ஒரு காதை வெற்றிலையால் பொத்தி, மறு காதில் பேரை மூன்று தடவை சொல்கிறோம். இஸ்லாமியர் வீட்டில் பிறந்ததும் வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கு, இடது காதில் தொழுகை தொடங்கச் சொல்லும் இகாமத். ஏழாம் நாள் முடியிறக்கி, அந்த முடியின் எடைக்கு வெள்ளி தருமம் செய்து, ஆடு அறுத்துப் பகிரும் அகீகா கொடுப்பார்கள். கத்தோலிக்கத் திருமுழுக்கில் குருவானவர் முதலில் கேட்பதே பிள்ளையின் பேரைத்தான். இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் கிடையாது, சபைக் கொடியின் கீழ் பிள்ளையைக் கடவுளுக்கு ஒப்படைக்கும் பிரதிஷ்டை. 1544-இல் நம் கடலோரத்தில் திருமுழுக்குக் கொடுத்த புனித சவேரியார், ஒவ்வொருவருக்கும் புதுப் பேரை எழுதிக் கையில் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் சொல்கிறார். எழுதிக் கொடுத்தார், கவனியுங்கள்!

சுயமரியாதைக்காரர்கள் மந்திரம் இல்லாமல், மேடையில் பிள்ளையைக் கையில் வாங்கிப் பேர் சொன்னார்கள். நம் பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, தனித்தமிழ்ப் பற்றில் தன் பேரையே உயிரின்பன் என்று மாற்றிக்கொண்டவர்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையனுக்கு ஞானஸ்நானம். முற்றம் நிறையப் பந்தல். இலையில் போளி போட்டு, மேலே பாயசம் ஊற்றி, பிசைந்து பிசைந்து சாப்பிட்டோம். கோயில் ஏட்டில் மிக்கேல் என்று எழுதினார்கள். அம்மாச்சிக்கு அவன் குட்டன். பிறப்புச் சான்றிலோ 'ஆண் குழந்தை'. பேர் எழுதும் இடம் வெறுமை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார், "பேரென்னலே?" என்று கேட்டார். பிள்ளை, "குட்டன்" என்றது. அவரும் அதையே எழுதிவிட்டார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை குட்டன்தான். வெல்டிங் படித்தான், வளைகுடாவில் வேலையும் வந்தது. பாஸ்போர்ட்டுக்குப் போனால் ஆளுக்கு ஒரு பேர், ஏட்டுக்கு ஒரு பேர்! பிறப்புப் பதிவில் பேர் சேர்க்கும் 15 வருடக் கெடுவும் தாண்டியிருந்தது. அப்பனும் மகனும் அலையாய் அலைந்தார்கள். அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. "செல்லமாக் கூப்பிட்டது பிள்ளைக்கு வினையாப் போச்சே" என்று அம்மாச்சி அழுதார். அவர் மேல் என்ன தவறு? பந்திக்கு முந்திய எங்களில் ஒருவராவது, "ஏட்டில் பேர் சேர்த்தாச்சா?" என்று கேட்டோமா?

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பேர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதியைக் காட்ட இந்தப் பிறப்புச் சான்றுதான். இனி பந்திக்கு முந்துவதற்கு முன் பதிவேட்டுக்கு முந்துவோம்.

சாதியைப் பற்றிப் பேச நேரமில்லை. அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பங்குத்தந்தையிடமும் ஜமாஅத் தலைவரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் ஒரே வேண்டுகோள்: பேர் வைக்க நாள் கேட்டு வரும் வீட்டாரிடம், பிறப்புச் சான்றில் பேர் சேர்க்கச் சொல்லி அனுப்புங்கள். வாசலில் நூலகத் தம்பிகள் விண்ணப்பம் எழுதித் தரக் காத்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றின் நகலோடு வந்திருப்பவர்கள் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை இங்கேயே வாருங்கள்.