கூடமும் கொஞ்சம் கோணல்தான்

மேடையில இருக்கிற சங்கத் தலைவர் அய்யா அவர்களே, செயலாளர் அவர்களே, போன வருஷம் வரைக்கும் செயலாளரா இருந்து இப்ப துணைத் தலைவரா ஆகியிருக்கிற அண்ணன் அவர்களே, வரவேற்புரையில என்னைப் பத்தி பாதிக்குப் பாதி பொய்யா சொல்லி உக்காந்திருக்கிற பேராசிரியர் அம்மா அவர்களே, போக்குவரத்துத் துறையில இருந்து ரிட்டயர் ஆகி முன் வரிசையில கை கட்டி உக்காந்திருக்கிற அய்யா அவர்களே (அய்யா, நீங்க எத்தனை பேரை எட்டு போட வெச்சு ஃபெயில் பண்ணிருப்பீங்களோ, இன்னைக்கு ஒரு நாள் என்னை மட்டும் பாஸ் பண்ணி விட்டுடுங்க), மைக் செட் தம்பி, அப்புறம் பின்னாடி நின்னுக்கிட்டே கேக்குற எல்லாருக்கும் வணக்கம். பொருளாளர் அய்யாவை விட்டுட்டேன், மன்னிக்கணும், அவரை விட்டுட்டா ஸ்டிக்கர் அடிக்கக் காசு வராது. என்ன ஸ்டிக்கர்னு அப்புறம் சொல்றேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "முதல் கார், முதல் கியர்". மூணு விஷயம் பேசலாம்னு வந்திருக்கேன். ஒண்ணு, நாம பழகின வண்டி. ரெண்டு, நமக்குப் பழக்கி விட்ட ஆளு. மூணு, இப்ப பெருகிக்கிட்டு வர்ற கியரே இல்லாத வண்டி. அரை மணி நேரம்னு சொல்லிருக்காங்க, அதுல அஞ்சு நிமிஷம் வணக்கம் சொல்லியே போயிடுச்சு.

அம்பாசிடர்ல பழகினவங்க கை தூக்குங்க பாக்கலாம். அடேங்கப்பா, தலைவர் அய்யா ரெண்டு கையும் தூக்குறாரு. 1950கள் கடைசியில வந்த வண்டி, இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாம் சீரிஸ் காரோட அச்சு அசல் நகல், முன்னாடி ஒரே நீளமா சோஃபா மாதிரி சீட்டு, கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல. அந்த சீட்டுல ஒரு வசதி என்னன்னா சொல்லிக் குடுக்கிறவர் அப்படியே நகர்ந்து வந்து நம்ம காலுக்கு மேல காலை வெச்சு பிரேக் மிதிச்சுடலாம். பத்மினி? சரி, அது ஃபியட் 1100, அதுலயும் கியர் மேலதான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு? ஒரே ஒரு கை, வாங்கம்மா, பானெட்டை முழுசா முன்பக்கம் கவுத்துத் திறப்போமே அந்த வண்டி, கிணத்தைச் சுத்துற மாதிரி சின்ன இடத்துல திரும்பும், பழகுறவங்களுக்கு அது மாதிரி வசதி கிடையாது. மோரிஸ் மைனர்ல பழகின இலங்கைக்காரங்க ரெண்டு பேர் இருக்கீங்க. 1948ல வந்த வண்டி, பழைய மைனர்ல இண்டிகேட்டர்னா லைட்டு கிடையாது, கதவுக்குப் பக்கத்துல இருந்து ஒரு குட்டிக் கை வெளிய நீட்டும், திரும்பி முடிச்சப்புறமும் உள்ள போகலேன்னா தட்டி விடணும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில்ல பழகின அண்ணன் ஒருத்தர் சிரிக்கிறார், எதுக்குன்னு தெரியும், பின்னாடி இருக்கிற இன்ஜினை முன்னாடி தேடிருப்பார். பழைய பீட்டில்ல பெட்ரோல் முள்ளே கிடையாது, 1960கள் ஆரம்பத்துலதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பெட்ரோல் தீர்ந்து வண்டி திக்கித் திணற ஆரம்பிச்சா காலால ஒரு குழாயைத் திருப்பி ரிசர்வுக்கு மாத்தணும். ப்ரோட்டான் சாகா, மலேசியாக்காரங்க, 1985, சரி சரி.

மாருதி 800ன்னு கேட்டாத்தான் பாதி ஹாலே கை தூக்குது. 1983 டிசம்பர் 14, முதல் வண்டிச் சாவியை இந்திரா காந்தி கையால வாங்கினவர் ஹர்பால் சிங். 796 சிசி, மூணே சிலிண்டர், வெயிட்டே கிடையாது. எத்தனை டிரைவிங் ஸ்கூல் பலகையைத் தலையில சுமந்த வண்டி அது. அம்பாசிடரும் இதுவும் ஒரே வருஷம், 2014ல தயாரிப்பு நின்னு போச்சு. நாம பழகின ரெண்டு வாத்தியாரும் ஒண்ணா ரிட்டயர் ஆன மாதிரி.

இப்ப எனக்குப் பிடிச்ச பழமொழிக்கு வரேன், என் பேச்சைக் கேட்டவங்களுக்குத் தெரியும், இது இல்லாம நான் மேடை இறங்கினதே இல்ல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். (அது ஏன் எப்பவும் "தெரியாதவ", "தெரியாதவன்" கிடையாதான்னு ஒரு தனிக் கூட்டம் போடலாம், இன்னைக்கு வேண்டாம்.) வண்டி பழகுற எல்லாரும் இந்தப் பழமொழியை ஒரு தடவையாவது திட்டா வாங்கிருப்போம். கிளட்ச் சரியில்லன்னு சொன்னா, ஆடத் தெரியாதவ. கியர் விழ மாட்டேங்குதுன்னா, ஆடத் தெரியாதவ. நான் கேக்குறேன், கூடம் நிஜமாவே கோணலா இருந்தா என்ன பண்றது? யாராவது ரசமட்டம் வெச்சுப் பாத்தீங்களா?

ஃபோர்டு மாடல் டி எடுத்துக்குங்க. 1908ல இருந்து 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டி ஓடுச்சு. அதுலயும் மூணு பெடல்தான், ஆனா இடது பெடலை மிதிச்சா ஃபர்ஸ்ட், விட்டா டாப், நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். ஆக்சிலேட்டர் கையில, ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு குச்சி. அதுல பழகினவரை நம்ம வண்டில உக்கார வெச்சா பிரேக்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிப்பார், நம்மளை அதுல உக்கார வெச்சா பிரேக்னு நினைச்சு ரிவர்ஸை மிதிப்போம். இதுல யாருக்கு ஆடத் தெரியல, சொல்லுங்க? சிங்க்ரோமெஷ்னு ஒண்ணு 1928ல கேடிலாக் கொண்டு வந்தாங்க, கியர் பாக்ஸுக்குள்ள சுத்துற பல்சக்கரம் ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வந்து சத்தமில்லாம கோத்து விடுற வேலை. ஆனா அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் நிறைய வண்டில ஃபர்ஸ்ட் கியருக்கு அது கிடையாது. ஓடிக்கிட்டே இருக்கும்போது ஃபர்ஸ்ட்டுக்குத் தள்ளினா தகரத்தை அறுக்கிற மாதிரி கிர்ர்ருன்னு சத்தம் வரும், உடனே பக்கத்துல இருந்து "பல்லெல்லாம் போச்சு போ"ன்னு ஒரு குரல் வரும். நம்ம பல்லைச் சொல்றாரா வண்டி பல்லைச் சொல்றாரான்னு சந்தேகமா இருக்கும்.

என் கதையைச் சொல்லிடறேன், இதைச் சொல்லத்தான் நான் வந்ததே.

எனக்குப் பழக்கினது எங்க சித்தப்பா. வண்டி பேரு சொல்ல மாட்டேன், கம்பெனிக்காரங்க மேல தப்பு இல்ல, வண்டி எங்க சித்தப்பா கைக்கு வரும்போதே மூணு கை மாறி வந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல கியர், இழுத்தா கையோட வர்ற சோக் குமிழ், இடது பக்கக் கதவை வெளியில இருந்துதான் திறக்க முடியும், அதனால சித்தப்பா இறங்கணும்னா கண்ணாடிய இறக்கி கையை வெளிய விட்டு கைப்பிடியைத் தேடணும். ஹேண்ட்பிரேக்குன்னு ஒரு குச்சி இருந்துச்சு, அது சும்மா மரியாதைக்கு. மேட்டுல நிக்கணும்னா பின் சக்கரத்துக்குக் கல்லு வெக்கணும். அந்தக் கல்லு சித்தப்பா காலடியிலயே பயணம் பண்ணும், கறுப்பா, ஒரு பக்கம் சப்பையா, அத்தனை வருஷம் வண்டிலயே கிடந்து மூலையெல்லாம் வழவழன்னு ஆயிருந்துச்சு.

பத்தாவது நாளோ பன்னண்டாவது நாளோ, ரயில்வே கேட்டு. கேட்டுக்கு ஏறுற ரோடு நல்ல மேடு. கேட்டு மூடியிருக்கு, நான்தான் முதல் வண்டி, பின்னாடி வரிசையா கார், லாரி, ஆட்டோ, ஒரு பஸ்ஸு. சித்தப்பா இறங்கிக் கல்லு வெச்சுட்டு வந்து உக்காந்துட்டாரு. ரயில் போச்சு. கேட்டு தூக்கினாங்க. நான் கிளட்சை விடுறேன், ஆஃப். மறுபடி ஸ்டார்ட், ஆஃப். பின்னாடி முதல் ஹார்ன். அந்த ஹார்ன் காதுல விழுந்ததும் என் இடது கால் தானா தூக்குது, ஆஃப். இப்ப பஸ்ஸும் சேர்ந்து அடிக்குது. சித்தப்பா என்னைப் பாத்து, "ஏம்மா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், கிளட்ச் மேல பழி போடாத, ஒரு தடவை நகர்ந்துச்சுன்னா எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாத, நான் கல்லை எடுத்துட்டு வரேன்"னு கண்ணாடி வழியா கையை விட்டுக் கதவைத் திறந்து இறங்கினாரு.

நான் கண்ணை மூடிக்கிட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சேன். (கண்ணை மூடினதை முன் வரிசை அய்யா கேக்காத மாதிரி இருங்க.) வண்டி ஒரு எகிறு எகிறி தண்டவாளத்தைத் தாண்டிப் போயிடுச்சு. சித்தப்பா ஏறல. நான் நிறுத்தல, நகர்ந்தா நிறுத்தாதன்னு அவர்தானே சொன்னாரு! கண்ணாடில பாக்குறேன், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ஒரு கையில கல்லோட எங்க சித்தப்பா அங்கயும் இங்கயும் ஓடுறாரு, முதல்ல என்னைப் பாத்து ஓடி வந்தவரு, கூப்பாடு போட்டா கேக்காதுன்னு தெரிஞ்சு, ஏறிக்கலாம்னு பின்னாடி நின்ன வண்டிகளைப் பாத்து கையைத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு. கையில என்ன? கல்லு. ஹார்ன் அடிச்சவங்க அத்தனை பேரும் கப்சிப். அந்த ஆளு ஹார்ன் அடிச்சதுக்கு அடிக்க வர்றாருன்னு நினைச்சுட்டாங்க. பஸ்ஸுக்குள்ள ஷட்டரெல்லாம் படபடன்னு இறங்குச்சாம், சித்தப்பாவே அப்புறமா சொன்னாரு.

ஒரு கிலோமீட்டர் தாண்டி, ரோடு பள்ளமா இறங்கி மறுபடி ஏறுற இடத்துல, வண்டி தானா ஆஃப் ஆகி நின்னுச்சு. அதுவா நின்னாத்தான் உண்டு. கொஞ்ச நேரத்துல ஒரு லாரி வந்து நிக்குது, கேபின்ல டிரைவர் பக்கத்துல எங்க சித்தப்பா, மடியில கல்லு. அந்த டிரைவர் இறங்கி வந்து என்ன சொன்னாருன்னா, "அம்மா, இனிமே பின்னாடி எவன் ஹார்ன் அடிச்சாலும் காதுல வாங்காதீங்க, பெடல் லேசா நடுங்குற இடம் ஒண்ணு வரும், அங்க வந்ததும் காலை அப்படியே நிறுத்திடுங்க, நிதானமா எடுங்க, நாங்க எங்க போயிடப் போறோம்." அவ்வளவுதான். பன்னண்டு நாளு சித்தப்பா சொல்லாததை அவர் அரை நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டாரு. அவர் பேரு கூட கேக்கல நான்.

அடுத்த வாரம் மெக்கானிக் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்துட்டு சொன்னாரு, கிளட்ச் தேய்ஞ்சு போய்க் கிடக்கு, கடைசி அரை இஞ்ச்லதான் பிடிக்குது, இதுல யாரு ஏறினாலும் ஆஃப் ஆகத்தான் ஆகும்னு. நான் சித்தப்பாவைத் திரும்பிப் பாத்தேன். அவர் வாட்சைப் பாத்தாரு.

அப்ப கூடம் கோணலா இல்லையா? (கைத்தட்டாதீங்க, நேரம் போகுது.)

இதுல ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்போம். இன்ஜின் சும்மா நிக்கும்போதும் நிமிஷத்துக்கு எண்ணூறு சுத்து வாக்குல சுத்திக்கிட்டு இருக்கு. சக்கரம் சுத்தவே இல்ல. நடுவுல கிளட்ச் பிளேட்டு. காலை மெதுவா எடுக்கும்போது அந்த பிளேட்டு வழுக்கி வழுக்கி, சுத்துறதையும் சுத்தாததையும் சமாதானம் பண்ணி வெக்குது. காலை வெடுக்குன்னு எடுத்தா சமாதானத்துக்கு நேரமே இல்ல, நிக்கிற சக்கரம் சுத்துற இன்ஜினை அப்படியே அமுக்கி நிறுத்திடும். இப்ப யோசிங்க, பழகுற ஆளுக்குப் பின்னாடி திடீர்னு ஹார்ன் அடிச்சா உடம்பு தூக்கிவாரிப் போடும், கால் வெடுக்குன்னு வரும், வண்டி ஆஃப் ஆகும், ஆஃப் ஆனதுக்கு இன்னொரு ஹார்ன். சீக்கிரம் போகணும்னு அடிக்கிற ஹார்ன்தான் அந்த வண்டியை அங்கயே நிறுத்தி வெக்குது. கூடத்தைக் கோணலாக்குறதே பின்னாடி நிக்கிற நாமதான்!

இங்கதான் நான் ரெண்டு வருஷமா தொண்டை வறளக் கத்திக்கிட்டு இருக்கிற விஷயத்துக்கு வரேன், செயலாளர் அண்ணன் "ஆரம்பிச்சுட்டா"ன்னு பாக்குறது தெரியுது. எல் போர்டு வண்டிக்கு ஹார்ன் அடிக்காதீங்க. இங்கிலாந்துல 1935ல டிரைவிங் டெஸ்ட்டைக் கட்டாயம் ஆக்கினப்பவே எல் போர்டும் வந்துடுச்சு. இந்தியால 1989 விதிப்படி வெள்ளையில சிவப்பு எல், பதினெட்டு சென்டிமீட்டர் சதுரம். பழகுறவங்க எவ்வளவு பெரிய பலகை மாட்டணும்னு சென்டிமீட்டர் கணக்குல எழுதி வெச்சிருக்கோம், அதைப் பாக்குறவங்க எப்படி நடந்துக்கணும்னு எந்த அளவும் மனசுல வெச்சுக்கல. ஜப்பானைப் பாருங்க, 1972ல இருந்து புதுசா லைசென்ஸ் வாங்கினவங்க ஒரு வருஷம் பச்சையும் மஞ்சளுமா துளிர் இலை மாதிரி ஒரு அடையாளம் ஒட்டணும், அது ஒட்டின வண்டியைப் பக்கத்துல வந்து நெருக்குறதும் குறுக்க புகுறதும் சட்டப்படி குத்தம். அந்த இலை ஒட்டினவருக்கு மட்டும் இல்ல, சுத்தி ஓட்டுறவங்களுக்கும் சேர்த்துதான். இது மாதிரி நமக்கு ஒரு விதி வேணும்னு நாங்க கையெழுத்து வாங்கிக்கிட்டு இருக்கோம். ரிட்டயர்டு அய்யா அந்த மனுவை ஒரு தடவை படிச்சுப் பாத்து எந்த வார்த்தையை எங்க போடணும்னு சொன்னா நல்லா இருக்கும், நீங்க இன்னைக்கு வந்ததே எங்களுக்குப் பெரிய பலம்யா, உங்க சர்வீஸ்ல நீங்க ஒருத்தர்கிட்டயும் குரல் உயர்த்தினது இல்லைன்னு இங்க வர்ற வழியிலயே ரெண்டு பேர் சொன்னாங்க.

விதி வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாதுல்ல, அதுக்குத்தான் ஸ்டிக்கர். "பழகுறாங்க, பொறுங்க" அவ்வளவுதான் வாசகம், எல்லுக்குக் கீழ ஒட்டலாம். "ஆடத் தெரியாதவ"ன்னே போடலாம்னு நான் சொன்னேன், கமிட்டில தூக்கிட்டாங்க. பொருளாளர் அய்யா வாசல்ல மேசை போட்டு உக்காருவாரு, காசு வேண்டாம், ஒரு கையெழுத்து போதும். பழகுற பிள்ளைங்க வீட்டுல இருந்தா ரெண்டு எடுத்துக்குங்க, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு.

பழக்கி விட்ட ஆளைப் பத்தி பேசுறேன்னு சொன்னேன், எங்க சித்தப்பாவைச் சொன்னதுல அது வந்துடுச்சுன்னு வெச்சுக்கலாம். இன்னும் ஒரு தகவல், 1956 கடைசியில எகிப்துல சூயஸ் கால்வாய்ப் பிரச்சனைல பெட்ரோல் தட்டுப்பாடு வந்து இங்கிலாந்துல டெஸ்ட்டையே சில மாசம் நிறுத்தி வெச்சாங்க, அப்ப எல் போர்டுக்காரங்க பக்கத்துல யாரும் இல்லாம தனியாவே ஓட்டலாம்னு விட்டுட்டாங்களாம். எங்க சித்தப்பா இல்லாம நான் ஒரு கிலோமீட்டர் ஓட்டினதுக்கும் முன்னுதாரணம் இருக்கு, அதுக்காகச் சொன்னேன். மூணாவது, கியர் இல்லாத வண்டி. வரட்டும், நல்லதுதான், கிளட்ச் இல்லேன்னா ஆஃப் ஆகாது. ஆனா அதுலயும் ஒருத்தர் பழகித்தான் ஆகணும், அவருக்குப் பின்னாடியும் நீங்க நிப்பீங்க.

துண்டுச் சீட்டு வந்திருக்கு. நேரம் முடிஞ்சதுன்னு எழுதிருப்பாங்கன்னு நினைச்சேன், இது வேற. வெளியில ஒரு கார் கேட்டை மறிச்சு நிக்குதாம், துணைத் தலைவர் அண்ணன் வண்டி எடுக்க முடியலையாம், நம்பர் இதுதானாம்... அய்யோ, இது என் வண்டி. இதோ வந்துட்டேண்ணே. தம்பி, நீ முன்னாடி போய் யாரையும் ஹார்ன் அடிக்க வேண்டாம்னு சொல்லு. நன்றி, வணக்கம்.