பிடிஎஃப் அனுப்பியும் மெடல்காரர் ஏன் திருப்பி அனுப்புகிறார்?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு பள்ளியின் நூற்றாண்டு விழாக் குழுவில் இருக்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: "60 மில்லிமீட்டர் மெடல் செய்யக் கொடுத்தோம். முன்பக்கம் லோகோ, அதைச் சுற்றித் தமிழில் பள்ளியின் பெயர், பின்பக்கம் நிறுவனர் முகம். வெக்டர் ஃபைல் வேண்டும் என்றார்கள். ஜேபெக்கை பிடிஎஃப் ஆக்கி அனுப்பினோம். இது ஆகாது என்கிறார்கள். நம்மை அலைய விடுகிறார்களா?"

இல்லைங்க, அவர்கள் சொல்வது நியாயம்தான். பிடிஎஃப் என்பது தபால் உறை மாதிரி. உள்ளே ஜேபெக்கை வைத்தால் போய்ச் சேருவதும் ஜேபெக்தான். அந்த பிடிஎஃப்பைத் திறந்து 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தால் அது பிக்சல் படம். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சுத்தமாக நின்றால் வெக்டர், அதாவது கோடுகளால் வரைந்த படம். டை என்பது மெடலில் உருவத்தைப் பதிக்கும் உலோகக் கட்டை. அதை வெட்டும் இயந்திரத்தின் முனை ஒரு கோட்டின் வழியே போக வேண்டும். பிக்சல் படத்தில் கோடே கிடையாது, வெறும் நிறப் புள்ளிகள்.

முதலில், பள்ளியின் லெட்டர்ஹெட்டும் அடையாள அட்டையும் அடித்த அச்சகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு கோரல்டிரா (வெக்டர் வரையும் மென்பொருள்) ஃபைல் தூங்கிக்கொண்டிருக்கும். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் லோகோவைப் புதிதாக வரையத்தான் வேண்டும். பிக்சல் படத்தைத் தானாகவே கோடாக்கும் ஆட்டோ ட்ரேஸ் பொத்தானைத் தட்டிவிட்டு 'வெக்டர் ஆகிவிட்டது' என்று அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படத்தை ட்ரேஸ் செய்தால் அதிலிருக்கும் அழுக்கும் சேர்ந்து கோடாகிவிடும்.

ஃபைல் வகையை விடவும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அழைப்பிதழில் இருப்பது நிறம், மெடலில் இருப்பது உயரம். எது மேடு, எது பள்ளம் என்பதைத்தான் உங்கள் ஃபைல் சொல்ல வேண்டும். அதனால் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி தயார் செய்யுங்கள். கறுப்பு மேடு, வெள்ளை பள்ளம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். லோகோவில் நிழல், ஒரு நிறம் இன்னொன்றில் கரைவது எல்லாம் இருந்தால் எடுத்துவிடுங்கள், உலோகத்தில் அவை வராது. எனாமல் நிறம் போடுவதானால் இரண்டு நிறங்களுக்கு நடுவே மெல்லிய உலோக வரப்பு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று கலந்துவிடும். நிறத்துக்கு பான்டோன் எண் (ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள பொது அட்டவணை எண்) கொடுங்கள். 'மெரூன் மாதிரி' என்று சொன்னால் அவர்கள் நினைக்கும் மெரூன்தான் வரும்.

கோட்டின் தடிமனையும் கவனியுங்கள். 30 சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்த லோகோ 60 மில்லிமீட்டருக்குச் சுருங்கும்போது ஐந்தில் ஒரு பங்காகிறது. அங்கே 1 மில்லிமீட்டராக இருந்த கோடு இங்கே 0.2. அது டையில் நிற்பது கஷ்டம். 0.3க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைலை அசல் அளவில் ஒரு தாளில் அச்சடித்துக் கையில் வைத்துப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்தில் கூடுதல் சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். யூனிகோடில் அடித்தாலும் சில பழைய மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். டை வெட்டுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அதை அப்படியே வெட்டிவிடுவார். ஆகவே எழுத்தைக் கர்வ்ஸ் ஆக, அதாவது எழுத்துருவே தேவைப்படாத வெறும் கோடுகளாக, மாற்றி அனுப்புங்கள். கோரல்டிராவில் கன்ட்ரோல், கியூ. மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால் மாற்றாத பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். சரியாகத் தெரியும் ஒரு ஜேபெக்கையும் கூடவே அனுப்பினால் அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, புள்ளி. மேல்நிலைப்பள்ளி என்பதில் மூன்று புள்ளி இருக்கிறது. அவை ரொம்பச் சிறியதாக இருந்தால் பாலிஷ் போடும்போதே தேய்ந்து 'மேலநிலைபபளளி' ஆகிவிடும். ண, ழ இவற்றின் சுழிகளும் அடைத்துக்கொள்ளும். மெல்லிய அலங்கார எழுத்துரு வேண்டாம், ஒரே தடிமனில் ஓடும் எழுத்துரு எடுங்கள், புள்ளியைக் கையால் பெரிதாக்குங்கள். இடத்தையும் கணக்குப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் மேல் பாதி வில் சுமார் 78 மில்லிமீட்டர். 25 எழுத்து என்றால் ஒன்றுக்கு 3 மில்லிமீட்டர்தான். 'அரசு உதவி பெறும்' என்பதையும் அஞ்சல் பின்கோடு எண்ணையும் மெடலில் போட்டே ஆக வேண்டுமா என்று குழுவில் ஒருமுறை பேசுங்கள். (தலைமை ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும்.)

அப்புறம் நிறுவனர் முகம். புகைப்படத்தில் இருப்பது வெளிச்சமும் இருட்டும். அதையே உயரமாக எடுத்துக்கொள்ளச் சொன்னால் கறுப்புத் தலைமுடி குழிக்குள் போய்விடும், நெற்றித் திருநீறு புடைத்து நிற்கும், வெள்ளை ஜிப்பா முகத்துக்கு மேலே ஏறிவிடும். புடைப்பு முகம் வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்து கணினியில் முப்பரிமாணமாகச் செதுக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. பக்கவாட்டில் எடுத்த பழைய படம் இருந்தால் தேடி எடுங்கள். நாணயங்களில் பக்கவாட்டு முகம் அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது: ஆழம் குறைவாக இருந்தாலும் நெற்றி, மூக்கு, தாடையின் கோட்டிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பட்ஜெட் இல்லையென்றால் முகத்தைப் புடைப்பாக இல்லாமல் மேலே படமாக அச்சடித்துப் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிக்சல் படமே போதும், வெக்டர் தேவையில்லை. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 60 மில்லிமீட்டருக்குச் சுமார் 710 பிக்சல். இரண்டு மடங்கு கொடுத்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

லோகோவை மெடல் செய்பவரே வரைந்து தருகிறேன் என்றால் கொடுத்துவிடலாம். ஆனால் வரைந்த ஃபைலும் நமக்கு வேண்டும் என்று விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் விளையாட்டு விழாவுக்கும் அதே லோகோதானே.