ஒரு தேக்கை 20 வருஷம் பின்னுக்கு அனுப்புவோமா?

(திரையில்: திருகோணமலையில் ஒரு மரக்காலை. அறுத்த தேக்குக் குற்றியின் முகம்.)

வணக்கம். வாள் சத்தம் இடைக்கிடை கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரம் 20 வருஷத்துக்கு முன் எவ்வளவு பருமனாக இருந்தது என்று அதன் வளையங்களை வைத்துக் கணிக்கப்போகிறோம். இந்தக் குற்றியை ஈரத் துணியால் ஒருக்கா துடைக்கிறேன், இப்போது பாருங்கள். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் ஊசியால் குத்தியது மாதிரித் துளைகள் வரிசையாக இருக்கின்றனவே, மழை கண்டதும் மரம் அவசரமாக வளர்ந்த இடம் அது. பிறகு கச்சான் அடிக்கிற காலம், இலை கொட்டும், வளர்ச்சி நின்றுவிடும். தேக்கில் அநேகமாக ஒரு வளையம் ஒரு வருஷம்.

(திரையில்: நிற்கும் தேக்கைச் சுற்றி அளவு நாடா.)

சரி, நிற்கிற மரத்தை வெட்டவா முடியும்? நிலத்திலிருந்து 1.3 மீட்டரில், அதாவது நெஞ்சு உயரத்தில், நாடாவைச் சுற்றுங்கள். உதாரணத்துக்கு 157 சென்டிமீட்டர் என்று வையுங்கள், 3.14ஆல் பிரித்தால் விட்டம் 50. பட்டைக்குப் பக்கத்துக்கு 1 கழித்தால் 48. அப்புறம் கைத்துளைப்பானை உள்ளே திருகி, வளையங்கள் தெரிகிற, பென்சிலைவிட மெல்லிய ஒரு மரக் குச்சியை உருவுகிறோம். வெளிப்புற 20 வளையங்கள் சேர்ந்து 8 சென்டிமீட்டர் என்றால், இரண்டு பக்கமும் 16 போகும், 20 வருஷத்துக்கு முன் மரம் 32தான். விட்டம் மூன்றில் இரண்டு பங்குதானே என்று நினைப்பீர்கள், ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்குப் பார்த்தால் இன்றைய அளவில் பாதிகூட இல்லை, 44 சதவீதம்!

1964 டிசம்பர்ப் புயல் மாதிரி ஒன்று பக்கத்து மரங்களைச் சாய்த்துவிட்டால், தப்பிய மரத்துக்கு வெயிலும் தண்ணீரும் கூடக் கிடைக்கும், அடுத்த வளையங்கள் திடீரென்று அகலும். ஒரு மரத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் புயல் என்று சொல்லக்கூடாது, பல மரங்களில் அதே வருஷம் தெரிய வேண்டும்.

(திரையில்: காட்டுத் தரையில் கறையான் அரித்த கட்டை.)

முழுக் காட்டுக்கும் இதையே செய்யலாம்: கணக்கில் எல்லா மரத்தையும் சுருக்கி, அன்றைக்கு முளைக்காததை நீக்கி, அன்றைக்கு நின்று பிறகு செத்ததைச் சேர்க்க வேண்டும். சிக்கல் அந்தச் செத்த மரங்களில்தான். முதிரைக் கட்டை நெடுங்காலம் கிடக்கும், ஆனால் செத்த சின்னக் கன்றுகளையும் மெதுமரங்களையும் கறையான் சில வருஷத்தில் மண்ணாக்கிவிடும். தப்பியவர்களை மட்டும் எண்ணி ஊர்ச் சனத்தொகை சொல்வது மாதிரி, பழைய காடு எப்போதும் இருந்ததைவிட ஐதாகத்தான் வரும். அமெரிக்காவின் அரிசோனாப் பைன் காடுகளை 1870கள் வரைக்கும் இப்படிக் கணித்திருக்கிறார்கள், அங்கே வறட்சியில் கட்டைகள் லேசில் உக்காது. நம் பாலை, வீரைக் காட்டில் அது கஷ்டம், என்றும் பச்சையான அந்த மரங்களில் வளையத்தை நம்பவும் முடியாது. அதனால் மரத்துக்கு இலக்கத் தகடு அடித்து, சில வருஷத்துக்கு ஒருமுறை அதே உயரத்தில் திரும்ப அளப்பதுதான் எனக்குத் தெரிந்த நேர்மையான வழி.

(திரையில்: மறுபடி மரக்காலை.)

இந்தக் குற்றியில் நான் முதல் தரம் 34 எண்ணினேன், அடுத்த தரம் 33. கோடையில் திடீர் மழை பெய்தால் பொய் வளையமும் விழும். "எது சரி தம்பி, லொறி வந்திட்டுது" என்கிறார் முதலாளி. கொஞ்சம் நில்லுங்கள் அண்ணை, கண்ணாடி வில்லையை எடுத்துவருகிறேன்.